பின்னாலிருந்து கூப்பிடக் கூடாது

என் வலது கையின் ரேகைகள் நீலம். நாற்பது வருடம் அவுரித் தொட்டியில் துணி முக்கி எடுத்த கை அது. சாம்பல் வைத்துத் தேய்த்தாலும் புளி வைத்துத் தேய்த்தாலும் அந்த நிறம் போகாது. இந்தக் கையால் பேரனுக்குச் சோறு பிசைந்தால் என் மருமகள் முகம் சுளிக்கிறாள். சுளிக்கட்டும். அந்தக் கையைப் பார்த்து நானும் முகம் சுளிக்கிறவன்தான், ஆனால் என் காரணம் வேறு. அதை யாரிடமும் சொன்னதில்லை. துணி மூட்டைகளின் மேல் அடையாளம் எழுதிப் பழகியதால் எனக்குக் கொஞ்சம் எழுத்து வரும். வாயால் சொல்ல வராததை எழுதியாவது பார்க்கலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

எங்கள் ஊர் ஏரியின் மேற்குக் கரையில் இருக்கிறது. தெற்கே ஒரு பகல் நடந்தால் பழவேற்காடு, கோட்டை, கோட்டைக்குள் ஒல்லாந்தர். கிழக்கே பார்த்தால் ஏரி. அந்த ஏரிக்கு அந்தப்புறம் நீளமான மணல்மேடு, அதற்கும் அப்பால் கடல். எனக்கு இரண்டு கூட்டாளிகள். ஒருவன் கிளிஞ்சல் சுட்டுச் சுண்ணாம்பாக்குகிறவன். எப்போதும் புருவம் வரைக்கும் வெள்ளையாக இருப்பான், அதனால் ஊரே அவனைச் சுண்ணாம்புக்காரன் என்றுதான் சொல்லும். இன்னொருவன் ஏரிக்குள் உட்கார்ந்து நகர்ந்து, சேற்றைக் கையால் துழாவி இறால் பிடிக்கிறவன். பிடித்ததைப் போட்டுக்கொள்ளும் பனையோலைப் பறியைப் பல்லில் கடித்தபடியே வேலை செய்வதால் பகலெல்லாம் அவனால் பேச முடியாது. கரை ஏறியதும் அந்தக் கடனையெல்லாம் தீர்ப்பதுபோல் பேசித் தள்ளுவான். எங்கள் மூவருக்கும் அப்போது இருபது, இருபத்திரண்டு வயது இருக்கும்.

சுண்ணாம்புக்காரனுக்கு ஒரு தம்பி. கோட்டைப் பக்கம் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தான். அந்தப் பங்குனியில் அவர்களுடைய நைனா இறந்துபோனார். தம்பிக்குச் சொல்ல ஆள் போனது. போன ஆள் திரும்பி வந்து, “சொல்லிட்டேன், வரேன்னான்” என்றான். ஒரு பகலும் ஒரு ராத்திரியும் பிணத்தைப் போட்டு வைத்துப் பார்த்தார்கள். தம்பி வரவில்லை. எரித்துவிட்டார்கள். ஐந்தாம் நாள்தான் வந்து வாசலில் நின்றான். நானும் அப்போது அங்கே இருந்தேன்.

“நைனா வெந்து சாம்பலானப்புறம் இன்னாத்துக்குடா வந்தே? எனக்குத் தம்பின்னு ஒருத்தன் இல்ல. போடா.”

தம்பி ஒரு வார்த்தை பேசவில்லை. சொன்னால் நம்புவார்களா என்று யோசித்திருக்கலாம். வாசல் மண்ணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போய்விட்டான். ஒரு மாதம் கழித்து, ஈழத்துக்குப் போகிற கப்பலில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறான் என்று கேள்விப்பட்டோம். அண்ணன்காரன் அதைக் கேட்டுத் துப்பினான்.

பிறகு சித்திரைக் கடைசியில் ஒரு சாயங்காலம், சாவுச் செய்தி சொல்லப் போனவன் கிளிஞ்சல் சுடும் காளவாய்க்கு வந்து சுண்ணாம்புக்காரனின் காலில் விழுந்தான். அன்று அவன் பழவேற்காடு வரைக்கும் போகவேயில்லை. பாதி வழியில் கள்ளுக்கடையில் படுத்துக் கிடந்துவிட்டு, மறுநாள் வந்து பொய் சொல்லியிருக்கிறான். பையன் கப்பல் ஏறப் போகிறான் என்று தெரிந்ததும் மனசு கேட்கவில்லையாம்.

“நாளைக்கு விடியறப்போ ஏறுறாங்களாம். மணல்மேட்டுக் குடிசைல தங்கிக்கினு கீறாங்க.”

சுண்ணாம்புக்காரன் அவனை அடிப்பான் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. கையிலிருந்த மண்வெட்டியைக் கீழே வைத்தான். பிறகு என்னைப் பார்த்து, “நான் போயி அவனைக் கூட்டிக்கினு வரணும்டா” என்றான். குரல் கரகரத்துப்போயிருந்தது. அந்த முகத்தை நான் அதற்கு முன்பு பார்த்ததில்லை.

அந்த வருடம் முகத்துவாரத்தை மணல் அடைத்துவிட்டது. அதனால் கப்பலுக்குப் போகிற ஆட்கள் மணல்மேட்டுக்குப் போய், அங்கே ஓலைக் குடிசையில் ஒரு ராத்திரி தங்கி, விடியலில் கடல் பக்கமிருந்து படகு ஏறுவார்கள். தெற்கே சுற்றிக்கொண்டு மணல் வழியாகப் போனால் நாங்கள் சேர மறுநாள் உச்சியாகிவிடும். இருந்த ஒரே வழி நேர் குறுக்கே, ஏரிக்குள் நடப்பதுதான். சித்திரை வெயிலில் ஏரி வற்றிக் கிடந்தது. படகு விடத் தண்ணீர் போதாது, நடக்கத் தரை போதாது. சில இடத்தில் கணுக்கால் தண்ணீர், சில இடத்தில் முழங்கால், சில இடத்தில் தண்ணீரே இல்லாமல் மேலே வெள்ளையாக உப்புப் பொருக்கு. அந்தப் பொருக்குக்குக் கீழேதான் ஆபத்து. உளை என்போம். மேலே காய்ந்த தோல், உள்ளே அடியில்லாத சேறு. மாடு இறங்கிக் கொம்பு மட்டும் தெரிய நின்றதை நான் பார்த்திருக்கிறேன்.

ராத்திரியில் அதைக் கடக்கக் கூடியவன் இறால்காரன் ஒருவன்தான். ஏரியின் அடி அவன் காலுக்குத் தெரியும். நாங்கள் போய்ச் சொன்னதும் அவன் வழக்கமான கிண்டல் எதையும் பேசவில்லை. வெளியே வந்து காற்றைப் பார்த்தான்.

“இப்ப எறங்க முடியாது. கடல்காத்து அடிச்சிக்கினு கீது. தண்ணிய இந்தப் பக்கம் தள்ளும், தரை தெரியாது. நெலா வரட்டும், காத்தும் திரும்பட்டும்.”

“அதுக்குள்ள விடிஞ்சிடும்டா!”

“விடியாது. எறங்கினா நான் சொல்றதுதான். இல்லன்னா நீயே போய்க்கோ.”

தேய்பிறை. நிலா எழும்ப ஒரு ஜாமம் ஆயிற்று. அந்த ஒரு ஜாமமும் சுண்ணாம்புக்காரன் கரையில் முன்னும் பின்னும் நடந்துகொண்டே இருந்தான். தம்பியிடம் என்ன சொல்வது என்று வாய்க்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தான். “தப்பு என்னுதுடா” என்பதை மட்டும் பத்து விதமாகச் சொல்லிப் பார்த்தான். எனக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

இறால்காரன் ஒரு தேங்காய்நார்க் கயிற்றை மூன்று பேர் இடுப்பிலும் கட்டினான். அவன் முன்னால், சுண்ணாம்புக்காரன் நடுவில், நான் கடைசி. ஆளுக்கொரு மூங்கில் கழி. ஊன்றுவதற்கு அல்ல, குறுக்கே பிடிப்பதற்கு. கால் உள்ளே போனால் கழி பொருக்கின் மேல் தங்கி ஆளைத் தாங்கும். அப்புறம் ஒரு கட்டளை போட்டான்.

“நான் ‘கால் கீதா’ன்னு கேப்பேன். கால் கெட்டித் தரையில இருந்தா ஒவ்வொருத்தனும் ‘கீது’ன்னு குரல் குடுக்கணும். குரல் வரலைன்னா நின்னுடுவேன். கண்ணால எதையும் நம்பாதீங்க. எதிர்ல வெளிச்சம் தெரிஞ்சாலும் பார்க்காதீங்க. முன்னாடி போறவன் முதுக மட்டும் பாருங்க.”

இறங்கினோம். சேறு முதலில் வெதுவெதுப்பாக இருந்தது. கொஞ்ச தூரம் போனதும் உள்ளங்காலில் குளிர்ந்தது. காற்று திரும்பியிருந்தது, முதுகில் பட்டது. எங்கள் காலடியில் உப்புப் பொருக்கு அப்பளம் நொறுங்குவதுபோல் நொறுங்கியது. தூரத்தில் பூநாரைகள் ஒற்றைக் காலில் நின்று தூங்கின. இத்தனை வருடம் கரையிலேயே வாழ்ந்தும் ஏரி இவ்வளவு பெரியது என்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை. நடந்து நடந்து பார்த்தால் புறப்பட்ட கரையும் தெரியவில்லை, போகிற கரையும் தெரியவில்லை. பயமாக இருந்தது. அதைச் சொல்ல வெட்கமில்லை.

“கால் கீதா?”

“கீது!”

“கீது!”

மனிதன் குரலுக்கு அங்கே தடுப்பே இல்லை. சுண்ணாம்புக்காரன் குரல் பெரிது, காளவாய்ப் புகையில் கத்திக் கத்தி வளர்ந்த குரல். அவன் ‘கீது’ என்றால் பூநாரைகள் தலை தூக்கும். நான்கைந்து முறை இறால்காரன் வளைந்து போனான், இரண்டு முறை பின்னால் வந்து வேறு பக்கம் திரும்பினான். ஏன் என்று கேட்கவில்லை. அவன் கால் பெருவிரலால் தரையைத் தொட்டு, கொஞ்சம் அழுத்தி, அப்புறம்தான் உடம்பை அதன் மேல் வைத்தான்.

பாதிக்கு மேல் வந்திருப்போம். நிலா தலைக்கு மேலே ஏறியிருந்தது. அப்போதுதான் எதிரே சிவப்பாக ஒரு பொட்டு தெரிந்தது. மணல்மேட்டுக் குடிசையில் மூட்டியிருந்த தீ. அவன் பார்க்காதே என்றான், நான் பார்த்தேன். அது நேர் எதிரே இருந்தது, இறால்காரனோ இடது பக்கமாக இழுத்துக்கொண்டு போனான். வீணாகச் சுற்றுகிறானே என்று எனக்கு எரிச்சல் வந்தது. கயிறு தளர்வாக இருந்ததால் அந்த வளைவை மிச்சப்படுத்த இரண்டு எட்டு, இரண்டே எட்டு, நேராக வைத்தேன்.

மூன்றாவது எட்டுக்குக் கீழே ஒன்றுமில்லை. இடுப்பு வரைக்கும் போய்விட்டேன். கழியைக் குறுக்கே பிடிக்க மறந்திருந்தேன். அது கையை விட்டுப் போயிற்று.

“கால் கீதா?” என்று முன்னாலிருந்து குரல் வந்தது. பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கயிறு விறைத்தது.

அசையாமல் இருந்தால் மெதுவாக இறங்கும், அசைந்தால் வேகமாக இறங்கும் என்று எங்கள் ஊரில் சின்னக் குழந்தைக்கும் தெரியும். தெரிந்தும் நான் கை காலை உதறினேன். சேறு மார்புக்கு வந்தது. இறால்காரன் அங்கிருந்து கத்திக்கொண்டே வந்தான். சுண்ணாம்புக்காரன் அதற்குள் பொருக்கின் மேல் குப்புறப் படுத்து, தன் கழியையும் குறுக்கே போட்டு, வயிற்றால் நகர்ந்து வந்து என் அக்குளில் கை கொடுத்துவிட்டான். அவன் கன்னம் என் கன்னத்தில் பட்டது. எதிரே அந்தத் தீ தெரிந்துகொண்டே இருந்தது. அவனுக்கும் அது தெரிந்திருக்கும். ஒரு தடவைகூட அவன் அந்தப் பக்கம் தலையைத் திருப்பவில்லை.

“நீ போடா, தம்பி போயிடுவான்” என்றேன்.

“வாய மூடிக்கினு மூச்சு வுடு” என்றான்.

என்னை வெளியே எடுக்க இரண்டு நாழிகைக்கு மேல் ஆயிற்று. எடுத்த பிறகும் என் கால்கள் நடக்க மறுத்தன. கொஞ்ச நேரம் என்னை உட்கார வைத்துத் தேய்த்துவிட்டார்கள். இறால்காரன் என்னை வாய்க்கு வந்தபடி திட்டினான். சுண்ணாம்புக்காரன் திட்டவேயில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

கடைசிப் பகுதி கெட்டி மணல் தரை. அங்கே வந்ததும், இனிமேல் குரல் வேண்டாம், மூச்சைப் பிடித்து ஓடுங்கள் என்றான் இறால்காரன். கயிற்றை அவிழ்த்துவிட்டு ஓடினோம். கிழக்கே வானம் வெளுத்துக்கொண்டிருந்தது.

குடிசை காலி. அடுப்பில் சாம்பல் சூடாக இருந்தது. படுக்கப் போட்ட ஓலைத் தடுக்குகள் வரிசையாகக் கிடந்தன. ஒன்று மட்டும் வெளியே, ஏரியைப் பார்த்த பக்கம், தனியாகக் கிடந்தது. அதைத் தாண்டித்தான் ஓடினோம். யாருடையது என்று யோசிக்க அப்போது நேரமில்லை.

மணல்மேட்டின் மேல் ஏறியதும் கடல் தெரிந்தது. அவ்வளவு அமைதியான கடலை நான் அதற்குப் பிறகு பார்க்கவில்லை. அலை என்று ஒன்று எழுந்து விழவே இல்லை, கரையை நக்கிக்கொண்டு கிடந்தது. தூரத்தில் கப்பல் நின்றது. படகைத் தண்ணீருக்குள் தள்ளிவிட்டிருந்தார்கள். எட்டுப் பேர் இருப்பார்கள், எல்லாரும் கடலைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். கடைசியில் இருந்த முதுகு தம்பியுடையது. மூட்டை தூக்கித் தூக்கி ஒரு தோள் இறங்கிப்போன முதுகு. எனக்கே தெரிந்தது என்றால் அண்ணனுக்குத் தெரியாதா?

புறப்பட்டுப் போகிறவனைப் பின்னாலிருந்து கூப்பிடுவது எங்கள் பக்கத்தில் ஆகவே ஆகாது. சோற்று மூட்டையை மறந்துவிட்டுப் போனால்கூட, ஓடி முன்னால் போய் நின்றுதான் கொடுப்போம். கடலுக்குப் போகிறவன் விஷயத்தில் அது இன்னும் கண்டிப்பு. படகு ஏறி முகத்தைக் கடல் பக்கம் வைத்தவன் திரும்பிப் பார்க்கக் கூடாது, கரையில் நிற்பவன் அவனைக் கூப்பிடவும் கூடாது. கூப்பிட்டால் கடல் அவனைத் திருப்பிக் கொடுக்காது. என் சித்தப்பன் கடலில் போனபோது, அவனை யார் பின்னாலிருந்து கூப்பிட்டது என்று எங்கள் வீட்டுப் பெண்கள் வருடக்கணக்கில் சண்டை போட்டுக்கொண்டார்கள். படகுக்கு முன்னால் போய் நிற்க யாருக்கும் வழியில்லை. இருந்தது முதுகு மட்டும்தான்.

சுண்ணாம்புக்காரன் வாயைத் திறந்தான். நெஞ்சு விரிந்து காற்று உள்ளே போவதைப் பார்த்தேன். அந்தப் பெரிய குரல் வரப்போகிறது என்று தெரிந்தது. நான் பாய்ந்து என் வலது கையால் அவன் வாயைப் பொத்தினேன்.

“வேணாம்டா! கூப்பிடாதே! போறவன்டா!” என்று அவன் காதுக்குள் முணுமுணுத்தேன்.

அவன் திமிறினான். என்னைவிட இரண்டு மடங்கு பலசாலி, ஒரு உதறலில் என்னைத் தள்ளியிருக்கலாம். என் உள்ளங்கைக்குள் அவன் மூச்சு சுட்டது. இறால்காரனைப் பார்த்தான். இறால்காரன் தலையைக் குனிந்துகொண்டான். அவ்வளவுதான், சுண்ணாம்புக்காரன் அடங்கிவிட்டான். அவன் கண்ணீர் என் விரல்களின் மேல் வழிந்தது. துடுப்புகள் விழுந்தன. முதுகு சின்னதாகிக்கொண்டே போயிற்று. கப்பலோடு படகு ஒட்டும் வரைக்கும் நான் கையை எடுக்கவில்லை.

அன்று பகலெல்லாம் அந்தக் குடிசையில் படுத்துக் கிடந்தோம். அவர்கள் விட்டுப் போயிருந்த நீராகாரத்தைக் குடித்தோம். சாயங்காலம், திரும்ப இறங்குவதற்கு முன்னால், சுண்ணாம்புக்காரன் என் கையைப் பிடித்துக்கொண்டு, “நல்ல வேள தடுத்தே. அவசரத்துல அவன் உசுருக்கே உலை வெச்சிருப்பேன்” என்றான்.

தம்பி திரும்பி வரவில்லை. செத்துப்போனான் என்ற செய்தியும் வரவில்லை. கப்பல்கள் வரும்போதெல்லாம் சுண்ணாம்புக்காரன் கோட்டைப் பக்கம் போய் விசாரித்துவிட்டு வருவான். “எங்கனா நல்லா இருப்பான். அதான் கூப்பிடாம அனுப்பினோமே” என்பான். அவன் கல்யாணத்தில் என்னை முதல் பந்தியில் உட்கார வைத்தான். எங்கள் வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்க ஒரு வருடமும் நான் சொல்ல வேண்டியிருந்ததில்லை, அவனே வந்து அடித்துவிட்டுப் போவான். “இவன் கைதான் எந்தம்பியக் காப்பாத்துச்சு” என்று தன் பிள்ளைகளிடம் சொல்லுவான்.

பத்துப் பன்னிரண்டு வருடம் கழித்துப் பொன்னேரிச் சந்தையில் ஒரு ஆளைப் பார்த்தேன். உப்புக் கருவாடு விற்றுக்கொண்டிருந்தான். பேச்சுவாக்கில், அந்த வருடம் மணல்மேட்டிலிருந்து போன படகுக்குத் துடுப்புப் போட்டவர்களில் தானும் ஒருவன் என்றான். ஒரு தோள் இறங்கிய பையனை ஞாபகம் இருக்கிறதா அண்ணே என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

“இன்னாப்பா, மறக்குமா? ராவெல்லாம் தூங்கல அவன். ஓலைத் தடுக்க வெளியே எடுத்துப் போட்டுக்கினு ஏரியப் பாத்துக்கினே குந்திகினு இருந்தான். ‘குரல் கேக்குது, எங்க அண்ணன் குரல், என்னைக் கூட்டிக்கினு போக வராரு’ன்னான். எங்களுக்கும் தூரத்துல ஏதோ கேட்ட மாரிதான் இருந்துது. அப்புறம் நின்னுபோச்சு. கொஞ்சம் பொறுங்க, கொஞ்சம் பொறுங்கன்னு கையப் புடிச்சிக் கெஞ்சினான். கப்பல்காரன் பொறுப்பானா? படகுல ஏறி ஒக்காந்தப்புறமும், ‘ஒரு குரல் வந்தா குதிச்சிடுவேன்’னு சொல்லிக்கினே இருந்தான். திரும்பிப் பாக்கக் கூடாதில்ல, அதனால காத மட்டும் கரைப் பக்கம் வெச்சிக்கினு இருந்தான்.”

கருவாட்டை வாங்காமலே வந்துவிட்டேன். வழியில் வயல்வெளியில் ஒரு வரப்பில் உட்கார்ந்து அழுதேன். நாற்று நட்டுக்கொண்டிருந்த பெண்கள், வீட்டில் சாவா என்று கேட்டார்கள். ஆமாம் என்றேன்.

சுண்ணாம்புக்காரனிடம் இதைச் சொல்ல எத்தனையோ முறை வாயெடுத்தேன். ஒவ்வொரு முறையும் அவன் என் கையைப் பற்றி ஏதாவது நல்லது சொல்லிவிடுவான். நான் கோழை. இறால்காரனிடம் மட்டுமாவது சொல்லலாம் என்று நினைத்தேன். அதற்குள் அவன் போய்ச் சேர்ந்துவிட்டான்.

போன ஐப்பசியில் சுண்ணாம்புக்காரன் படுத்துவிட்டான். சுண்ணாம்புத் தூள் நெஞ்சில் இறங்கிவிட்டது என்றார்கள். அந்தப் பெரிய குரல் போய், பேச்சு காற்றாகத்தான் வந்தது. நான் பக்கத்திலேயே இருந்தேன். ஒரு நாள் மத்தியானம், வெளியே மழை பெய்துகொண்டிருந்தபோது, கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தான்.

“அன்னிக்கி நீ கை வெக்கலன்னா… நான் கூப்பிட்டிருந்தா… அவன் எறங்கி வந்திருப்பானாடா?”

நாற்பது வருடத்தில் அவன் அதைக் கேட்டது அந்த ஒரு முறைதான். அவனும் நாற்பது வருடமாக அதையேதான் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறான், என்னை நோகடிக்கக் கூடாது என்று கேட்கவில்லை. அது அந்த நொடியில்தான் எனக்குத் தெரிந்தது.

“கேட்டிருக்காதுடா” என்றேன். “அன்னிக்கி அலை அப்பிடி அடிச்சிது. ஞாபகமில்லையா? எவ்ளோ கத்தினாலும் கேட்டிருக்காது.”

என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தான். அந்தக் கடல் எப்படிக் கிடந்தது என்று அவனுக்கும் தெரியும்.

“ஆமாம்” என்றான். “பெரிய அலை.”

பிறகு தண்ணீர் கேட்டான். தலையை இடது கையால் தாங்கிக்கொண்டு, வலது கையால் கிண்ணத்தை அவன் வாயில் வைத்தேன். இரண்டு மிடறு குடித்தான். மூன்றாவது மிடறு உள்ளே போகாமல் என் விரல்களின் மேல் வழிந்தது.